கேம்பர்வேன் வாங்க வீட்டுக்கடனைக் கூட்டலாமா?

கேள்வி: நியூசிலாந்தில், ஆக்லாந்தில் இருக்கிறோம். பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 5. வடக்கே வைபோவா கௌரி மரக் காடு, தெற்கே ரோட்டோருவா, டோங்காரிரோ எரிமலைகள் என ஒன்பது இரவு கேம்பர்வேனில் (படுக்கையும் அடுப்பும் உள்ள வேன்) சுற்றிவர ஆசை. வாடகை ஜனவரியில் 4,500 டாலர், ஏப்ரல் பள்ளி விடுமுறையில் 2,700. ஒரு தடவைக்கு இவ்வளவு கொடுப்பதைவிட வீட்டுக்கடனை டாப்-அப் செய்து 60,000 டாலருக்குப் பழைய வேன் ஒன்றை வாங்கிவிடலாம், சும்மா நிற்கும் நாட்களில் வாடகைக்கு விடலாம் என்கிறார் கணவர். கிவிசேவர் ஓய்வுகாலச் சேமிப்பில் இருந்து பணம் எடுக்க முடியுமா?

பதில்: கிவிசேவரை முதலில் முடித்துவிடுவோம். முதல் வீடு, கடுமையான பணநெருக்கடி, தீவிர நோய் போன்ற சில காரணங்கள் தவிர 65 வயது வரை அதைத் தொட முடியாது. சுற்றுலா அதில் வராது.

இப்போது வேன். வட்டி 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 60,000 டாலருக்கு முதல் வருட வட்டி மட்டுமே சுமார் 3,600. ஏப்ரல் பயணத்தின் வாடகையைக் கட்டிவிட்டு 900 டாலர் மீதி வைக்கலாம்! 25 வருடக் கடனோடு சேர்த்துவிட்டால் மாதம் ஏறக்குறைய 387 டாலர். கடைசியில் வட்டியாக மட்டும் 56,000 போயிருக்கும். பெண்ணுக்கு முப்பது வயது ஆகும்போதும் தவணை ஓடிக்கொண்டிருக்கும், வேன் என்றைக்கோ போயிருக்கும். இதற்கு மேல் இன்ஷூரன்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், டயர், நிறுத்த இடம். கழிப்பறை வேனிலேயே பொருத்தப்பட்டு, தண்ணீரும் கழிவும் வண்டிக்குள்ளேயே அடங்கும் என்பதற்கான செல்ஃப்-கன்டெயின்ட் சான்றிதழும் இருக்க வேண்டும். இல்லாமல் அந்தச் சான்று கேட்கும் இடத்தில் இரவு தங்கினால் அபராதமே 400 டாலரில் தொடங்குகிறது.

வாடகைக்கு விடலாம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேனுக்கு ஆள் தேடி வருவது ஜனவரியிலும் பள்ளி விடுமுறையிலும்தான். அதே நாட்களில்தான் உங்களுக்கும் அது வேண்டும். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு, சொந்த வண்டிகளுக்கான வாரன்ட் என்னும் தகுதிச் சான்று போதாது, சிஓஎஃப் என்னும் தனித் தகுதிச் சோதனை வேண்டும். சாதாரண இன்ஷூரன்ஸும் செல்லாது. வரும் பணத்துக்கு வரிக் கணக்கும் காட்ட வேண்டும். வேலையும் குழந்தைகளுமாக இருக்கும் வீட்டுக்கு இந்தத் தலைவலி வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

ஏப்ரலில் வாடகைக்கு எடுங்கள். அதற்கான கணக்கு இது: வாடகை 2,700. ஆக்லாந்திலிருந்து வைபோவா போய்த் திரும்பி, பிறகு ரோட்டோருவா, டாவ்போ, டோங்காரிரோ என்று சுற்றினால் 1,200 கிலோமீட்டர் வரும். டீசல் வண்டிக்குச் சாலைவரி பெட்ரோல் பங்கில் வசூலாவதில்லை; ஓடிய தூரத்துக்கு ரோடு யூசர் சார்ஜ் என்று வாடகைக்கு விடுபவர் தனியாக வாங்குவார். டீசலையும் சேர்த்து 450 ஒதுக்குங்கள். முகாம் கட்டணம் 350, எதிர்பாராததற்கு 400. மொத்தம் 3,900. இரண்டு வாரச் சம்பளத்துக்கு ஒருமுறை 150 டாலர் தனிக் கணக்கில் போட்டால் 26 சம்பளத்தில் சேர்ந்துவிடும், ஒரு டாலர் கடன் இல்லாமல்.

இந்தப் பாதையில் பார்க்க வேண்டியவற்றில் நிறைய இலவசம். வைபோவாவில் 51 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது ‘தானே மஹுதா’ என்று பெயரிட்ட கௌரி மரம். அடிமரத்தின் சுற்றளவு கிட்டத்தட்ட 14 மீட்டர். கௌரி மரங்களை அழிக்கும் நோய் மண் வழியாகப் பரவுவதால் காட்டு வாசலில் காலணிகளைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தத் தண்ணீரும் பிரஷும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ரோட்டோருவாவின் கலிஃபோர்னியா ரெட்வுட் காட்டுக்குள் நடக்கக் காசில்லை, மரங்களுக்கு இடையிலான தொங்குபாலத்துக்குத்தான் டிக்கெட். கொதிக்கும் சேற்றைக் குயிராவ் பூங்காவில் சும்மாவே பார்க்கலாம். டோங்காரிரோவில் டாவ்ஹாய் அருவிக்குப் போய்வர இருபது நிமிடம் போதும், ஐந்து வயதுக் கால் தாங்கும். ஆகவே டிக்கெட் வாங்கும் இடங்களை இரண்டோ மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: எக்ஸஸ், அதாவது சேதத்துக்கு நீங்கள் கட்ட வேண்டிய பங்கு, அதைக் குறைக்கும் காப்பு. அது இல்லாவிட்டால் ஒரு சின்ன இடிக்குக்கூட ஆயிரக்கணக்கில் உங்கள் கையிலிருந்து போகலாம். நீங்கள் சொன்ன 2,700-இல் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சேர்ந்திருந்தாலும் விதிவிலக்குகளைப் படித்துவிடுங்கள். எங்கள் பயணத்தில் தாழ்வான கிளையொன்று கூரையை உரசிவிட்டது. கூரை காப்பில் வராது என்பது வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் தெரிந்தது. தவறான எரிபொருள், கடற்கரை மணலில் ஓட்டுவது, வண்டியின் அடிப்பாகம் இவையும் பெரும்பாலும் விடுபடும்.

அப்புறம், உங்கள் பெண்ணுக்கு ஏழு வயது ஆகவில்லை, அதனால் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். எல்லா வேனிலும் அதைப் பொருத்த முடியாது. முன்பணம் கட்டுவதற்கு முன் எந்த இருக்கையில் பொருந்தும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.