பழுப்பாக இருக்கும் பன்யுல்ஸைக் கொட்டலாமா?

கேள்வி: விடுமுறைக்கு தெற்கு பிரான்சின் கொலியூர் போயிருந்தபோது, திராட்சைத் தோட்டக்காரர் ஒருவரிடமே நேரடியாக இரண்டு பாட்டில் பன்யுல்ஸ் (அந்தப் பக்கத்து இனிப்பு ஒயின்) வாங்கினோம். ஒன்றில் ‘ரிமாஜ்’ என்றும் ஒரு வருடமும் போட்டிருக்கிறது. மற்றதில் ‘ஓர் தாஜ்’ என்று இருக்கிறது. நேற்று இந்த இரண்டாவதைத் திறந்தோம். சிவப்பு ஒயின் என்று நினைத்தால், பால் விடாத டீ மாதிரி பழுப்பாக இருக்கிறது. வால்நட் வாசனை வேறு. கெட்டுப்போயிற்று, கொட்டிவிடு என்கிறார் வீட்டுக்காரர். கொட்டிவிடலாமா? மற்றதை எப்படி வைத்திருப்பது? (துலூஸிலிருந்து ஒரு வாசகி)

பதில்: கொட்டாதீர்கள். நீங்கள் சொல்லும் பழுப்பும் வால்நட் மணமும்தான் அந்த பாட்டிலுக்கு நீங்கள் கொடுத்த காசு. வீட்டுக்காரர் சந்தேகப்பட்டதிலும் தப்பில்லை. சாதாரண சிவப்பு ஒயின் இந்த நிறத்துக்கு வந்திருந்தால் நானும் கொட்டத்தான் சொல்லியிருப்பேன்.

பன்யுல்ஸ் விளைவது நான்கே ஊர்களில்: கொலியூர், போர்-வான்ட்ர், பன்யுல்ஸ்-சுர்-மேர், செர்பேர். பிரனீஸ் மலை கடலுக்குள் இறங்கும் இடம். தகடு தகடாக உடையும் கல்தான் அங்கே மண். சரிவை அடுக்கடுக்காக வெட்டி, சுண்ணாம்போ சிமென்டோ இல்லாமல் கல்லின் மேல் கல்லாக வைத்துச் சுவர் கட்டியிருக்கிறார்கள். திடீர் மழை மண்ணை அடித்துக்கொண்டு போகாமலிருக்க, நடுவில் சேவலின் கால் விரல்கள் போலப் பிரியும் வடிகால்கள். கத்தலான் மொழியில் அவற்றின் பெயரே ‘கோழிக்கால்’தான். இயந்திரம் ஏறாது, எல்லாம் கையால் பறிப்பதுதான். ஹெக்டேருக்கு 30 ஹெக்டோலிட்டருக்கு, அதாவது 3,000 லிட்டருக்கு, மேல் எடுக்க விதி விடாது. பல சரிவுகளில் அதுகூடத் தேறுவதில்லை. விலை ஏன் அப்படி என்று கேட்பவர்கள் அந்தப் படிகளில் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும்.

பழம் பெரும்பாலும் கிரெனாஷ் என்ற திராட்சை வகை. சாறு நுரைத்துக்கொண்டிருக்கும்போது, பாதி வழியில், திராட்சையிலிருந்தே வடித்த 96 சதவீத ஆல்கஹாலைக் கொஞ்சம் ஊற்றிவிடுவார்கள். அந்தக் காரத்தில் ஈஸ்ட் செத்துப்போகும். அது தின்னாமல் விட்ட சர்க்கரை அப்படியே தங்கிவிடும். சர்க்கரை தனியாகச் சேர்ப்பதில்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மோன்பெலியேயில் மருத்துவம் கற்பித்த ஆர்னாவ் டி விலானோவா கண்டுபிடித்த வித்தை இது என்று ரூசியோன் (இந்த ஊர்கள் இருக்கும் வட்டாரம்) பக்கம் சொல்வார்கள். போர்ச்சுகலின் போர்ட் ஒயினும் இதே வழிதான், ஆனால் அதில் ஊற்றும் ஆல்கஹாலின் அளவு அதிகம். போர்ட் 19, 20 சதவீதத்தில் நிற்கும். பன்யுல்ஸ் பெரும்பாலும் 16, 17.

இதுவரை உங்கள் இரண்டு பாட்டில்களும் ஒன்றுதான். அப்புறம்தான் வழி பிரிகிறது.

ரிமாஜை காற்றுப் படாமல் சீக்கிரமே பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். அதனால் கருஞ்சிவப்பு நிறமும் செர்ரிப் பழ வாசனையும் மாறாமல் இருக்கும். மற்றதை, அதாவது நீங்கள் திறந்த ‘ஓர் தாஜ்’ வகையை, வேண்டுமென்றே காற்றுக்கும் வெயிலுக்கும் கொடுப்பார்கள். பீப்பாயை முழுக்க நிரப்பாமல் விடுவது ஒரு வழி. குண்டுக் கண்ணாடி ஜாடிகளில் ஊற்றி முற்றத்தில் வரிசையாக, பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் விட்டுவிடுவது இன்னொரு வழி. மொட்டை மாடியில் ஊறுகாய் ஜாடி வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைப் பார்த்து ஆச்சரியம் வராது. சிவப்பு மெல்ல மங்கி, செங்கல் நிறமாகி, பிறகு பழுப்பாகும். பழ வாசனை போய், வால்நட், காப்பிக்கொட்டை, உலர்ந்த அத்தி, ஆரஞ்சுத் தோல் என்று வரும். ‘ஓர் தாஜ்’ என்று போடக் குறைந்தது ஐந்து வருடமாவது இப்படிக் கிடந்திருக்க வேண்டும்.

உண்மையிலேயே கெட்டதா என்று பார்க்க நிறத்தை நம்பாதீர்கள், மூக்கை நம்புங்கள். வினிகர் அல்லது நெயில் பாலிஷ் நெடி தூக்கலாக அடித்தாலும், நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தாலும், நாக்கில் சுறுசுறுவென்று நுரைத்தாலும் குடிக்காதீர்கள். வால்நட் அந்தப் பட்டியலில் இல்லை.

திறந்த பாட்டிலைப் பற்றிக் கவலை வேண்டாம். காற்று செய்ய வேண்டியதையெல்லாம் ஏற்கனவே செய்துவிட்டது. வினிகராக்கும் பாக்டீரியாவுக்கும் இந்த ஆல்கஹால் அளவில் பிழைப்பு கஷ்டம். மூடி ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள், சில வாரம் நன்றாக இருக்கும். குடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவிடுங்கள், ரொம்பச் சில்லென்றிருந்தால் வாசனை எழாது. ஒரு தடவைக்கு 60 மில்லி போதும். அதிலேயே ஒரு தேக்கரண்டிக்கும் மேல் சர்க்கரை இருக்கும், வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இதை மறக்க வேண்டாம். கூடக் கடிக்க கறுப்புச் சாக்லேட், ரோக்ஃபோர் சீஸ், வறுத்த பாதாம் எல்லாம் சரி. குலாப் ஜாமூனோடு மட்டும் வேண்டாம், இரண்டு இனிப்பும் மோதி இரண்டுமே கெட்டுவிடும்.

ரிமாஜ் விஷயம் வேறு. நீளத் தக்கை போட்டிருந்தால், அடுப்பு பக்கம் போகாத இருட்டு அலமாரியில் படுக்க வையுங்கள். பல வருடம் தாங்கும். மேல்மூடி ஒட்டிய குட்டைத் தக்கையென்றால் நிமிர்த்தியே வைக்கலாம். ஆனால் இது காற்றையே பார்க்காத ஒயின். திறந்துவிட்டால் நாலைந்து நாளில் முடித்துவிட வேண்டும், அதனால் நாலு பேர் சாப்பிட வரும் நாளாகப் பார்த்துத் திறங்கள்.