முதலில் விரல், பிறகு ஊசி

அன்புள்ள அக்கா,

பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஒரு தனியார் மருத்துவமனையின் பொது வார்டில் ஏழு மாதங்களாக வேலை செய்கிறேன். வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்புக்குள் ஊசியோடு செருகும் மெல்லிய குழாய்) போட வேண்டுமென்றாலே கை நடுங்குகிறது. போன வாரம் ஒரு பாட்டிக்கு மூன்று முறை குத்தினேன். ரத்தம் வந்தது, ஆனால் குழாயைத் தள்ளும்போது தோல் வீங்கிவிட்டது. "விடும்மா, என் நரம்பு அப்படி" என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். தன்னம்பிக்கையை எப்படி வளர்த்துக்கொள்வது? நரம்பு காட்டும் கருவி வாங்கினால் உதவுமா?

பெயர் வேண்டாம், மதுரை

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்த அன்று என் இடது கையில் ரத்தக்கட்டு இன்னும் மறையவில்லை. 31 ஆண்டுகள் செவிலியாக இருந்த நான் சென்ற மாதம் காய்ச்சலோடு ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தபோது, உன் வயதுப் பெண்ணொருத்தி என் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாளே தவிர, ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்காமல் குத்தினாள். அன்றிலிருந்து இதே நினைவாகத்தான் இருக்கிறேன்.

கருவியை விடு. நாம் நரம்பு என்று சொல்லும் சிரை ஓடும் தடத்தை அது காட்டும். மெத்தென்று இருக்கிறதா, இறுகிப்போயிருக்கிறதா என்பதை விரல்தான் சொல்லும். கையை இறுக்கும் பட்டையான டூர்னிக்கெட்டைக் கட்டியபின் ஆள்காட்டி விரலால் அழுத்திப் பார்: நல்ல சிரை அமுங்கி மறுபடி எழும். தசைநாண் கயிறுபோல விறைத்து, நோயாளி விரலை மடக்கினால் அசையும். தமனி துடிக்கும். பலமுறை குத்துப்பட்டுக் கெட்டிப்பட்ட சிரை சணல்போல உருளும். அதன் பக்கம் போகாதே. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் புறங்கைச் சிரையைவிட, கண்ணுக்கே தெரியாமல் முன்கையில் விரலுக்கு அகப்படும் சிரை பலமுறை மேலானது. இவ்வளவையும் கிருமிநாசினி தடவுவதற்கு முன்பே முடித்துவிடு. தடவிக் காய்ந்த இடத்தை மறுபடி தொடக் கூடாது.

பாட்டி விஷயத்தில் உன்னைக் கண்டிக்கத்தான் வேண்டும். இரண்டு முறை தவறினால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு இன்னொருவரை அழைக்க வேண்டும். மூன்றாவது குத்து உன் ரோஷத்துக்காகக் குத்தியது, வலித்தது அவருக்கு. அவர் ஆறுதல் சொன்னது அவருடைய பெருந்தன்மை, அதை உனக்கான மன்னிப்பாக எடுத்துக்கொள்ளாதே.

ரத்தம் வந்தும் வீங்கியதற்குக் காரணம் உண்டு. ஊசியின் முனை குழாயைவிடச் சற்று நீண்டிருக்கும். ரத்தம் தெரிந்த நொடியில் முனை மட்டுமே சிரைக்குள் இருக்கிறது. அங்கேயே குழாயைத் தள்ளினால் அது சிரையின் சுவரில் முட்டும். ஊசியைத் தோலோடு ஒட்டினாற்போல் இன்னும் தாழ்த்தி, இரண்டு மில்லிமீட்டர் அளவு உள்ளே செலுத்திய பிறகே குழாயை நகர்த்த வேண்டும். ரத்தத்தைக் கண்டதும் மகிழ்ச்சியில் நீ அவசரப்பட்டிருப்பாய். நானும் அப்படித்தான் இருந்தேன். முதியவர்களுக்கு டூர்னிக்கெட்டை இறுக்காதே, மெல்லிய சிரை உடைந்துவிடும். கீழ்ப்பக்கத் தோலை இடது கட்டைவிரலால் இழுத்துப் பிடித்துக்கொள், சிரை நழுவாது. நீல நிற, 22 அளவு வென்ஃப்ளான் போதும்.

அந்தப் பெண் இரண்டாம் முறை குத்த வந்தபோது, நான் அவள் விரலைப் பிடித்து என் முன்கையில், முழங்கை மடிப்புக்கு நான்கு விரற்கடை கீழே வைத்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடம். சற்று நேரம் அழுத்திப் பார்த்தவள், "மெத்துனு இருக்கும்மா" என்றாள். இளஞ்சிவப்பு வென்ஃப்ளான் அங்கே முதல் குத்திலேயே ஏறியது.