செத்தவர் ஏன் எழுகிறார்? கேம்களில் வரும் அன்டெட் (செத்தும் நடமாடுபவை) பற்றிக் கேள்வி பதில்

ஞாயிற்றுக்கிழமை அண்ணா நகர் மொட்டை மாடியில் பேச ஆரம்பித்தோம். அரை மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நீங்கள் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். பதில்கள் இதோ. டார்க் சோல்ஸும் எல்டன் ரிங்கும் இன்னும் முடிக்காதவர்கள் அந்த இரண்டு பதில்களைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஒரு ரசிகர் தியரி என் கைக்கு வந்தால், அந்தப் பிணத்தை எப்படிக் கொல்லச் சொல்கிறது கேம் என்றுதான் முதலில் பார்ப்பேன். எங்கிருந்து வந்தது என்பதற்கான தடயம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

பல்லாவரத்திலிருந்து ஓர் அம்மா: என் மகனுக்கு ஒன்பது வயது. மைன்கிராஃப்டில் வரும் ஜாம்பி எல்லாம் முன்னால் விளையாடிச் செத்தவர்கள் என்கிறான். ராத்திரி அதையே நினைத்துப் பயப்படுகிறான். உண்மையா?

உங்கள் மகன் கூர்ந்து பார்க்கிற பிள்ளை. ஜாம்பி போட்டிருக்கும் சட்டையும் நாம் ஆடும் ஸ்டீவ் போட்டிருக்கும் சட்டையும் ஒரே நீல நிறம். தியரி பிறந்தது அங்கேதான். ஆனால் அவனிடம் இப்படிக் கேளுங்கள்: ஜாம்பி அடித்து நீ செத்தால் ஜாம்பியாக எழுந்தாயா? இல்லை, படுக்கையில் கண் விழிக்கிறான். ஜாம்பியாக மாறுவது கிராமத்தார்தான், அதற்கும் முகம் வேறு. அதனால் சாதாரண ஜாம்பி நம்மைப் போன்ற உடல் கொண்ட வேறொரு பழைய மக்களாக இருக்கலாம். பாழடைந்த கோட்டைகளையும் சுரங்கங்களையும் கட்டியவர்கள் அவர்கள்தான் என்கிற பெரிய தியரியோடு இது நன்றாகவே பொருந்துகிறது. கேம் எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பயத்துக்கு மருந்தும் கேமிலேயே இருக்கிறது. ஜாம்பியாகிவிட்ட கிராமத்தார் மேல் பலவீன மருந்தை வீசி, தங்க ஆப்பிளைக் கொடுத்தால் திரும்ப மனிதராகிவிடுவார். இன்று ஒருவரைக் குணப்படுத்திவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள்.

பெரம்பூர், ஐடிஐ மாணவர்: அக்கா, லிச் என்கிற சாகாத மந்திரவாதி தன் உயிரை ஒரு பெட்டிக்குள் ஒளித்து வைக்கிறது. ஏழு கடல் ஏழு மலை தாண்டி, கிளிக்குள் உயிரை வைத்த மந்திரவாதி கதை நம்முடையது. அங்கிருந்து எடுத்துவிட்டார்களா?

எடுக்கவில்லை தம்பி. ஆனால் நீ பிடித்த நூல் சரியான நூல். லிச் என்பது பிணத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற மேசை விளையாட்டுக்கு 1975ல் வந்த கிரேஹாக் இணைப்பில் அது ஓர் உயிரினமாக நுழைந்தது. கார்ட்னர் ஃபாக்ஸ் எழுதிய ஒரு கதையிலிருந்து எடுத்ததாக அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸே சொல்லியிருக்கிறார். உயிரை வெளியே ஒளிக்கும் வழக்கம் அதைவிட எத்தனையோ பழையது. ரஷ்யக் கதையில் கோஷேயின் உயிர் ஊசி முனையில், ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள். நாட்டுப்புறவியல் ஆய்வாளர்கள் இந்த வகைக் கதைக்கு 302 என்று எண்ணே கொடுத்து வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் எத்தனை ஊரில் கிடைத்திருக்கும் பார்.

எனக்குப் பிடித்தது இதில் வேறொன்று. மற்ற அன்டெட் எல்லாம் யாரோ செய்த வினையால் எழுபவை. லிச் தானே விரும்பி, திட்டம் போட்டு, படித்து அப்படி ஆனது. அதனால்தான் அதை வாளால் மட்டும் முடிக்க முடியாது. கிளியைத் தேடித்தான் ஆக வேண்டும்.

வேளச்சேரி, மென்பொருள் வேலை: டார்க் சோல்ஸில் அன்டெட் சாபத்தைக் கொடுத்தது க்வின் (நெருப்பின் காலத்தை ஆண்ட தெய்வ அரசர்) என்கிற தியரி நிரூபணமாகிவிட்டதா?

கிட்டத்தட்ட. 2011ல் முதல் கேம் வந்தபோது கையில் இருந்தது காத் என்கிற பாம்பின் பேச்சு மட்டும்தான். நெருப்பு அணைவது இயற்கை, க்வின் அதைத் தடுத்தார், மனிதர்களைப் பார்த்துப் பயந்தார் என்று அது சொல்லும். காத்துக்கும் சுயநலம் உண்டு என்பதால் பலர் நம்பவில்லை. 2017ல் மூன்றாம் கேமின் ரிங்டு சிட்டி டிஎல்சி (கூடுதல் பகுதி) வந்தது. அதில் ரிங்டு நைட் ஆயுதத்தின் குறிப்பு, ஆதி மனிதரின் ஆயுதங்கள் மேலும் அவற்றை வைத்திருந்தவர்கள் மேலும் தெய்வங்கள் நெருப்பு முத்திரை போட்டன என்கிறது. அன்டெட் ஆனவர் மேல் விழும் டார்க்சைன் என்கிற குறியைத் திரும்பிப் பாருங்கள், ஒரு நெருப்பு வளையம். ஆறு வருடம் ரசிகர்கள் அந்த வளையத்தைச் சுற்றியே வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குறிப்பைப் படித்த அன்று நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தாம்பரம்: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் சீனப் பதிப்பில் எலும்புக்கு மேல் சதை இருக்கிறதே, அது தனி லோரா, அதாவது தனிப் பின்கதையா?

இல்லை. 2007ல் அங்கே அப்போது வெளியிட்டுவந்த நிறுவனம் விதிமுறைகளுக்கு ஏற்ப மாற்றியது. கதைக் காரணம் தேட வேண்டாம்.

அதே கையெழுத்து, வேறு சீட்டு: வார்கிராஃப்டில் செத்தவர் படையை ஆளும் லிச் கிங்கின் பிறப்பை ஷேடோலேண்ட்ஸ் என்கிற பிந்தைய பகுதியில் மாற்றியது சரியா?

எனக்கு ஒப்பவில்லை. 2002ல் வந்த வார்கிராஃப்ட் மூன்றில் கொள்ளைநோய் எப்படிப் பரவியது? ஆண்டர்ஹால் களஞ்சியத்திலிருந்து போன தானியத்தில். ஜனங்கள் வீட்டில் உலை வைத்து, பிள்ளைக்கு ஊட்டி, மறுநாள் பிணமாக எழுந்தார்கள். அதில் இருக்கும் கொடுமை எந்த மாயக் கிரீடத்திலும் இல்லை. 2020ல் லிச் கிங்கின் கிரீடத்துக்குப் பின்னால் ஜெய்லர் என்று இன்னொருவரை நிறுத்தினார்கள். அதன் பிறகு, அதை அணிந்து லிச் கிங் ஆன இளவரசன் ஆர்தஸின் தப்பும் சிறுத்துப்போனது, தானியத்தின் பயமும் சிறுத்துப்போனது.

மயிலாப்பூர், தமிழ் முதுகலை: எல்டன் ரிங்கில் எலும்புக்கூட்டை அடித்தால் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டு எழுகிறது. இவற்றின் மூலம் காட்வினா, அதற்கும் முன்பா?

இந்தச் சீட்டுக்காகவே மழை வந்ததில் வருத்தப்பட்டேன். நேரில் பேசியிருக்க வேண்டிய கேள்வி.

நேரடி விடை காட்வின்தான். காட்வினின் தாயான அரசி மரிக்கா, உலகின் விதிகளைத் தாங்கும் எல்டன் ரிங்கிலிருந்து மரணத்தைப் பிடுங்கி ஒளித்தாள். அதில் ஒரு துண்டைத் திருடி, கறுப்புக் கத்தி இரவில் கொலை நடந்தது. காட்வினின் ஆன்மா மட்டும் செத்தது, இளவரசி ரான்னியின் உடல் மட்டும் செத்தது. ஒரே பூரான் வட்டத் தழும்பின் பாதி அவனிடம், பாதி அவளிடம். ஆன்மா இல்லாத அந்த உடலை எர்ட்ட்ரீ என்கிற மாபெரும் மரத்தின் வேரடியில் புதைத்தார்கள். அது அங்கே வளர்ந்துகொண்டே போனது, வேர் வழியாக டெத்ரூட் என்கிற மரண வேர் முளைத்தது, செத்தவர் எழுந்தார்கள். எலும்புக்கூடு விழுந்து கிடக்கும்போது இன்னொரு அடி கொடுக்க வேண்டியிருப்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். முதல் சாவு பாதிச் சாவு, மீதியை நாம் முடித்துக் கொடுக்கிறோம். புனித சக்தி ஏற்றிய ஆயுதமாக இருந்தால் ஒரே அடி போதும்.

இனி உங்கள் 'அதற்கும் முன்பா' என்பதற்கு வருகிறேன். வெடிக்கும் பேய்த்தீ மந்திரத்தின் குறிப்பைப் படியுங்கள். எர்ட்ட்ரீ இல்லாத காலத்தில் மரணம் பேய்த்தீயில் எரிக்கப்பட்டது, டெத்பேர்டு என்கிற மரணப் பறவைகள் அந்த நெருப்பின் காவலர்கள் என்கிறது. மரம் வந்த பிறகு வேரடியில் அடக்கம் செய்வதுதான் மரியாதை என்றானது. கேடகோம் என்கிற நிலத்தடிக் கல்லறைகள் எல்லாம் வேரைச் சுற்றியே இருக்கின்றன. அதாவது சுடும் வழக்கம் போய் இடும் வழக்கம் வந்தது. எரித்திருந்தால் காட்வினின் உடல் சாம்பலாகியிருக்கும். நாடு முழுக்க வேரில் பிணங்களை அடுக்கி வைத்திருந்ததால்தான் ஒரு கெட்ட உடல் அத்தனையையும் எழுப்ப முடிந்தது. அன்டெட்டின் மூலம் கொலை மட்டுமல்ல, மாறிப்போன ஈமச் சடங்கும் என்பது என் தியரி.

நீங்கள் தமிழ் படிப்பதால் உங்களுக்கு இது உடனே பிடிபடும். மணிமேகலை சக்கரவாளக் கோட்டத்தில் சுடுவோர், இடுவோர், குழியில் படுப்போர், தாழ்ந்த இடத்தில் அடைப்போர், தாழியில் கவிப்போர் என்று எல்லோரையும் ஒரே சுடுகாட்டில் வரிசையாக நிறுத்துகிறது. எல்டன் ரிங் அந்த வரிசையில் ஒன்றை மட்டும் ஆளவிட்டு, மற்றதைத் தடை செய்த நாடு.

திருவொற்றியூர்: ஸ்கைரிம் கேமின் ட்ராகர் (எழுந்து நடக்கும் பிணம்) ஏன் கல்லறையை விட்டு வெளியே வருவதில்லை?

வேலை அங்கே இருப்பதால். கேமுக்குள் கிடைக்கும் ஒரு புத்தகத்தில், கல்லறைக்குள் தங்கி ட்ராகர்களைக் கவனித்த ஓர் ஆராய்ச்சியாளர் எழுதியிருக்கிறார். அவை கூட்டமாக விழித்து, டிராகன் பூசாரியின் பெட்டி முன் விழுந்து கும்பிடுகின்றன, அவற்றின் உயிர்ச்சக்தி பூசாரிக்குப் போகிறது. பூசாரி சாகாமல் இருக்க இத்தனை பேர் முழுதாகச் சாகாமல் கிடக்கிறார்கள். நார்ஸ் கதைகளில் வரும் அசல் ட்ராகர் தன் புதைமேட்டையும் அதிலுள்ள பொருளையும் தனக்காகக் காப்பவன். கேம் அவனை அடிமையாக்கியது. நல்ல மாற்றம் என்றுதான் சொல்வேன். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு கிடைத்த இரும்பு ஆயுதங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து அந்தக் கல்லறைகளில் நுழையுங்கள். செத்தவரோடு பொருளை ஏன் வைத்தார்கள் என்ற கேள்வி கூடவே வரும்.

தரமணியிலிருந்து நான்கு பேர் சேர்ந்து: சின்னதாக ஒரு கேம் செய்கிறோம். நம் ஊர் அன்டெட்டாக வேதாளத்தை வைக்கலாமா? வெளியூர் ஜாம்பி மாதிரி ஆகிவிடுமோ என்று பயம்.

தாராளமாக வையுங்கள். வேதாளம் செத்த மனிதன் இல்லை, பிணத்துக்குள் குடியேறிய வேறொன்று. அந்த ஒரு வித்தியாசத்தை விளையாடுபவர் கையால் உணரட்டும், வசனத்தில் சொல்லாதீர்கள். வெட்டினால் பிணம் மட்டும் விழ வேண்டும். வேதாளம் மரத்துக்குப் போய், அடுத்து எங்கே பிணம் கிடக்கிறதோ அதற்குள் ஏற வேண்டும். அப்போது விளையாடுபவர் எதிரியைத் துரத்துவதை விட்டுவிட்டு, தான் கொன்றவர்களையெல்லாம் திரும்பிப் போய் எரிக்க ஆரம்பிப்பார்.

மரம் எதுவென்று குழப்பம் வரும். சம்ஸ்கிருதக் கதையில் சிம்சபா மரம், நமக்கு முருங்கை. முருங்கையே இருக்கட்டும். கிளை முறியும் சத்தத்தை மட்டும் நிஜ மரத்தில் பதிவு செய்யுங்கள். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒன்று இருக்கிறது, மைக்கை எடுத்துக்கொண்டு வாருங்கள்.