ஆங்கில இலக்கிய ஆய்வு – கடிதம்

அன்புள்ள அக்கா,

பாளையங்கோட்டையில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஒரு மெட்ரிக் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம்தான். டிசம்பரில் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு எழுதினேன். பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும் தகுதி வந்திருக்கிறது, ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை வரவில்லை. ஒரு கைடைப் போய்ப் பார்த்தபோது, "புலம்பெயர் நாவல்களில் அடையாளச் சிக்கல்னு எடுத்துக்கோம்மா, சீக்கிரம் முடிச்சிடலாம்" என்றார். அந்த நாவல்கள் எதுவும் எனக்கு மனதில் ஒட்டவில்லை. அம்மா "இன்னும் எத்தனை வருஷம் படிப்பே" என்று கேட்கிறாள். என் ஆங்கிலமும் சரளம் கிடையாது. கான்வென்ட்டில் படித்தவர்கள் வகுப்பில் பேசும்போது வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். நான் ஆய்வுக்குப் போகலாமா?

ம.

அன்புள்ள ம.,

போகலாம். ஆனால் அந்தத் தலைப்போடு போகாதீர்கள்.

நானும் தமிழ் மீடியம், சாத்தூர் பக்கம் ஒரு கிராமம். தாமஸ் ஹார்டியின் நாவல்களில் பெண்கள் என்று பதிவு செய்தேன், அதுவும் கைடு கொடுத்த தலைப்புதான். முதல் வருடம் முழுக்க ஹார்டியைப் படித்ததைவிட ஹார்டியைப் பற்றி எழுதியவர்களைத்தான் அதிகம் படித்தேன். இரண்டாவது டி.சி. மீட்டிங்குக்கு, அதாவது ஆய்வைப் பார்வையிடும் குழுவின் கூட்டத்துக்கு, நாற்பது பக்கம் கொண்டுபோயிருந்தேன், பக்கத்துக்கு மூன்று மேற்கோள். வெளியிலிருந்து வந்திருந்த ஒரு வயதான பேராசிரியை அதைப் புரட்டிப் பார்த்து மூடி வைத்துவிட்டு, "டெஸ் வீட்டுக் குதிரைக்கு என்ன பேரும்மா?" என்று தமிழில் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "அது செத்த ராத்திரி வண்டியில என்ன ஏத்திட்டுப் போனாங்க?" அதுவும் தெரியவில்லை. டெஸ் என்பவள் ஹார்டியின் 'டெஸ் ஆஃப் தி டர்பர்வில்ஸ்' நாவலின் நாயகி. எம்.ஏ.வில் பாடமாக இருந்த நாவல் அது, நோட்ஸ் படித்தே பாஸ் செய்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. போய்ப் படித்துவிட்டு வா என்று மட்டும் சொன்னார்.

அன்று ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து படித்தேன். குதிரையின் பெயர் பிரின்ஸ். வண்டியில் இருந்தவை தேன்கூடுகள், சனிக்கிழமைச் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டியவை. அப்பா குடித்துவிட்டுப் படுத்திருப்பதால் டெஸ் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு விடிவதற்கு முன்பே வண்டியை ஓட்டுகிறாள், வழியில் கண்ணயர்ந்துவிடுகிறாள். எதிரே சத்தமில்லாமல் வந்த தபால் வண்டியின் ஏர்க்கால் குதிரையின் நெஞ்சில் ஏறிவிடுகிறது. ரத்தம் பீறிட்டு வரும் அந்த ஓட்டையை டெஸ் தன் கையால் பொத்துகிறாள். முகத்திலிருந்து பாவாடை வரை ரத்தம் தெறிக்கிறது, அதற்குமேல் அவளால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. செத்த குதிரையைச் சில ஷில்லிங்குக்கு விற்க அப்பாவுக்கு மனம் வரவில்லை, தோட்டத்தில் குழி வெட்டிப் புதைக்கிறார். குதிரை போனதும் பிழைப்பு போகிறது. பிழைப்பு போனதால்தான் டெஸ் ஒரு பணக்கார வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். 1891இல் வந்த நாவல். அதற்குப் பிறகு அவளுக்கு நடப்பதெல்லாம் அந்த ஓட்டையிலிருந்து தொடங்குகிறது.

நான் ஆறாவது படிக்கும்போது எங்கள் உழவு மாட்டில் ஒன்று செத்தது. தோலுக்குக் கேட்டு வந்தவர்களை அப்பா திருப்பி அனுப்பிவிட்டு, கிணற்றடி வேம்புக்குப் பக்கத்தில் தானே குழி வெட்டினார். மண் இறுகிக் கிடந்தது, மத்தியானம் வரை வெட்டினார். அடுத்த வருடம் என் அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த கயிறு அந்த ஹாஸ்டல் அறையில்தான் எனக்குத் தெரிந்தது. விளக்கை அணைத்த பிறகும் வெகுநேரம் அழுதுகொண்டிருந்தேன்.

ஒரு விலங்கு செத்தால் அந்த வீட்டுப் பெண்பிள்ளைக்கு என்ன ஆகிறது? என் ஆய்வுக்கேள்வி அதுதான் என்று அப்புறம் முடிவு செய்தேன். அந்த ஒரு அத்தியாயத்துக்கே எட்டு மாதம் பிடித்தது. இதில் தியரி, அதாவது இலக்கியக் கோட்பாடு, எங்கே என்று கைடு கேட்டார். தியரியும் வந்தது, ஆனால் இந்த முறை எனக்கு அது தேவைப்பட்டது, நானாகத் தேடிப் போனேன்.

அதனால்தான் அந்தத் தலைப்பு வேண்டாம் என்கிறேன். அந்த நாவல்கள் மோசம் என்று சொல்லவில்லை. உங்களுக்கு ஒட்டவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஒட்டாத ஒன்றோடு ஐந்தாறு வருடம் குடித்தனம் நடத்த முடியாது. 'சோத்கங்கா' தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் 'அடையாளம்', 'புலம்பெயர்வு' என்ற சொற்களை ஆங்கிலத்தில் போட்டுத் தேடி, நாலைந்து ஆய்வேடுகளின் முன்னுரையை மட்டும் படித்துப் பாருங்கள். ஒரே முன்னுரையைத் திரும்பத் திரும்பப் படிப்பதுபோல இருக்கும்.

நீங்கள் இருப்பது பாளையங்கோட்டை. கிளாரிந்தா ஆலயத்துக்குள் போயிருக்கிறீர்களா? பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஊரில் சொல்வார்களே, அது. கிளாரிந்தா தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை, 1778இல் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். 1785இல் அந்த அம்மாள் எழுப்பிய கோயில் அது. அவரை வைத்து அ. மாதவையா 1915இல் 'கிளாரிந்தா' என்று ஒரு நாவல் எழுதினார், ஆங்கிலத்தில். நம்மில் பலருக்கு மாதவையா என்றால் 'பத்மாவதி சரித்திரம்' என்ற தமிழ் நாவல் மட்டும்தான். அதற்குப் பிறகு அவர் எழுதியவற்றில் ஆங்கில நாவல்களும் உண்டு, 1903இல் 'தில்லை கோவிந்தன்', 1909இல் 'சத்தியானந்தன்'. உப்பு இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு மொழியிலும் எழுதியவர், அதுவும் உங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர். விதவையின் நிலைமையைப் பற்றித் தமிழில் சொல்லும்போது அவர் எப்படிச் சொல்கிறார், அதையே வெள்ளைக்காரர்களும் படிக்கப்போகும் ஆங்கிலத்தில் எப்படி மாற்றிச் சொல்கிறார்? இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க உங்களைப் போலத் தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவர் வேண்டும். இதையே எடுங்கள் என்று சொல்லவில்லை. நானும் ஒரு தலைப்பைக் கொடுத்துவிட்டால் அந்தக் கைடு செய்ததைத்தான் செய்தவளாவேன். இப்படி ஒன்று உங்கள் தெருவிலேயே இருக்கிறது என்று காட்டுகிறேன், அவ்வளவுதான்.

ஆங்கிலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் என் வாதத்தை முதலில் தமிழில் எழுதுவேன், குறிப்பு மாதிரி இல்லை, முழு வாக்கியமாகவே. அதில் எனக்கே ஓட்டை தெரியும். அடைத்த பிறகுதான் ஆங்கிலத்துக்குப் போவேன். தினமும் நல்ல உரைநடை ஒரு பக்கத்தைக் கையால் பார்த்து எழுதினேன், இரண்டு வருடம். வாய் சரளமாக இன்னும் வரவில்லை, வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் திக்கித் திக்கித்தான் பேசினேன், ஆனால் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பக்க எண்ணோடு பதில் இருந்தது. ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், காசு கொடுத்து யாரிடமும் எழுதி வாங்காதீர்கள். 'தீசிஸ் செய்து தரப்படும்' என்று ஜெராக்ஸ் கடையில் போர்டே வைக்கிறார்கள். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் கட்டுரை போடும் ஜர்னல்கள் பக்கமும் போக வேண்டாம். கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 விதிகளில் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக ஏதாவது கேட்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. உங்கள் நெட் மதிப்பெண் பிஎச்டி சேர்க்கைக்கு ஒரு வருடம்தான் செல்லும், அதற்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30. குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. பெண்களுக்கு அதற்குமேலும் சலுகை உண்டு, பிரசவம், குழந்தை என்று வந்தால் 240 நாள் விடுப்பும் உண்டு. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், கல்யாணப் பேச்சு வரும்போது உதவும். பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் ஆய்வுக்கு எடுக்கலாம். இடம் காலியாக இருக்கிறது என்பதற்காக ஒரு கைடிடம் சேராமல், அவரிடம் முடித்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்துப் பேசிவிட்டுச் சேருங்கள். சேர்ந்த பிறகும் நெட்டை விடாதீர்கள். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அது கிடைக்காவிட்டாலும் உதவிப் பேராசிரியர் தகுதியாவது வாங்கிவிட வேண்டும், ஏனென்றால் அந்த வேலைக்குக் குறைந்தபட்சத் தகுதி நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வுதான் என்று 2023 ஜூலையில் யுஜிசி சொல்லிவிட்டது. பட்டம் வாங்கினால் வேலை நிச்சயம் என்று நான் சொன்னால் அது பொய். பட்டத்தோடு தனியார் கல்லூரியில் சொற்பச் சம்பளத்துக்கு இருப்பவர்கள் என் தோழிகளிலேயே மூன்று பேர். பள்ளி வேலையை உடனே விட வேண்டாம், பகுதி நேரமாகப் பதிவு செய்ய வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, என்ன பார்த்தீர்கள் என்று எனக்கு ஒரு பக்கம் எழுதுங்கள், தமிழில். அம்மாவிடம் நான் பேச வேண்டும் என்றால் அதையும் எழுதுங்கள், பேசுகிறேன்.

அன்புடன்,
அக்கா