தினமும் செபமாலை சொல்லியும் மனம் ஒன்றவில்லை. தியானம் மூலம் செபத்தை ஆழப்படுத்துவது எப்படி?

வாய் பாட்டுக்குச் சொல்கிறது, மனம் எங்கோ போகிறது, தனியாக அரை மணி நேரம் தியானத்தில் உட்காரவும் முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்கு ஓடுகிறவர், வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டு என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன். செபமாலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'உதட்டுச் செபத்தை நிறுத்து, கண்ணை மூடி உட்கார், அதுதான் தியானம்' என்று அறிவுரை சொல்ல நிறையப் பேர் வருவார்கள். செபமாலையே தியானம்தான். தியானம் இல்லாத செபமாலை உயிரில்லாத உடல் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1974-லேயே எழுதிவிட்டார்.

நான் களியக்காவிளை தாண்டி, கேரளப் பக்கம் வாக்கப்பட்டவள். ரப்பர் பால் வெட்டுதான் பிழைப்பு. முன்பு வெட்டுக்குப் போனது வீட்டுக்காரர். அவருக்குக் கிட்னி பழுதாகி டயாலிசிஸ் என்று திருவனந்தபுரத்துக்கு அலைய ஆரம்பித்ததும் கத்தி என் கைக்கு வந்தது. விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் 300 மரம் முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரத்தில் காயம் விழும். வெட்டி முடித்த பிறகு சிரட்டையில் பால் சேர்வதற்குக் காத்திருக்க வேண்டும். எனக்குக் கிடைத்த தியான நேரம் அதுதான்.

செபமாலையில் ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் இயேசு, மரியாவின் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சியைத் தியானிக்கிறோம், அதைத்தான் மறையுண்மை என்கிறோம். செவ்வாயும் வெள்ளியும் இயேசுவின் பாடுகளைப் பற்றிய துயர மறையுண்மைகள் அல்லவா? முதலாவது, இயேசு இரத்த வியர்வை வியர்த்தது. லூக்கா நற்செய்தியில் அவர் சீடர்களை விட்டுக் கல்லெறி தூரம் விலகிப் போய் முழந்தாளிட்டார் என்று வருகிறது. சின்ன வயதிலிருந்து கேட்ட வசனம்தான். ஒருநாள் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது, கல்லெறி தூரம் என்றால் எவ்வளவு என்று என் மர வரிசையைப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு மரம் தள்ளி, அவ்வளவுதான். முனகினால்கூடக் கேட்கும். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அவர்கள் தூங்கியிருக்கிறார்கள்! அன்றைக்குச் செபமாலையில் அந்த மறையுண்மைக்கான பத்து மணிகளைத் தாண்டி நான் போகவில்லை. 'இந்தத் துன்பக் கிண்ணம் என்னை விட்டு அகலட்டும்' என்பது வரைக்கும் அவரோடு சேர்ந்து சொல்ல முடிந்தது. 'உம் விருப்பப்படியே ஆகட்டும்' என்கிற மீதியைச் சொல்ல எனக்கு ரொம்ப காலம் ஆனது. ஆண்டவர் அதற்காகக் கோபித்துக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

இப்படி இடத்தைப் பார்ப்பது நானாக உண்டாக்கிய வழி இல்லை. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் இதைத்தான் சொல்லித்தருகிறார். நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போகும் பாதை எவ்வளவு நீளம், சமதளமா மேடுபள்ளமா, குகை பெரிதா சிறிதா என்று முதலில் மனக்கண்ணால் பார்க்கச் சொல்வார். மனம் ஓடுகிறதே என்று கேட்டீர்கள். ஓடுகிற மனதுக்கு அவர் ஒரு வேலை கொடுக்கிறார்.

இன்னொரு வழியும் உண்டு. அருள் நிறைந்த மரியே செபத்தில் 'உம்முடைய திருவயிற்றின் கனியாகிய இயேசு' என்று சொன்ன உடனே அன்றைய மறையுண்மையை இரண்டு வார்த்தையில் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'முள்முடி சூட்டப்பட்ட இயேசு', 'சிலுவை சுமந்த இயேசு' என்று. சில நாடுகளில் இருக்கிற வழக்கம் இது. 2002-ல் இரண்டாம் யோவான் பவுல், ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்த அதே மடலில், இதையும் பாராட்டி எழுதியிருக்கிறார்.

இது யோகா சமாச்சாரம், நமக்கு ஆகாது என்று யாராவது சொல்லக்கூடும். நான் மூச்சைப் பிடிக்கச் சொல்லவில்லை, நற்செய்தியைப் பார்க்கச் சொல்கிறேன். மற்ற மதங்களின் முறை என்பதற்காகவே எதையும் ஒதுக்கத் தேவையில்லை, ஆனால் உடம்பில் தோன்றும் அமைதியைத் தூய ஆவியின் ஆறுதல் என்று எண்ணிவிடக் கூடாது என்று 1989-ல் ரோமை, அதாவது வத்திக்கான், தெளிவாகவே சொல்லிவிட்டது. பெந்தெகோஸ்து சபைக்குப் போன என் சொந்தக்காரர்கள் 'சொன்னதையே சொல்லிப் பிதற்றாதே' என்று வசனம் காட்டுவார்கள். இரத்த வியர்வை வியர்த்த அந்தக் கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரே மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் வேண்டினார். மத்தேயு 26:44, எடுத்துப் பாருங்கள்.

செபம் என்று பேச்சு வந்ததால் மனதில் கிடக்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். மலையாளம் அவருக்கு அரைகுறை. மாதத்தில் ஒரு ஞாயிறாவது தமிழில் பூசை வையுங்கள், வயதானவர்கள் பாவசங்கீர்த்தனமாவது தங்கள் பாஷையில் செய்யட்டும் என்று பங்கில் கேட்டோம். 'எல்லை பக்கம்தானே, அங்கே போய்க் கொள்ளுங்கள்' என்று பதில் வந்தது. முழங்கால் மடக்க முடியாத கிழவி பஸ் ஏறிப் போக வேண்டுமாம். திருவிழா வாணவேடிக்கைக்குப் பணம் பிரிக்க வரும்போது மட்டும் யாரும் பாஷை பார்ப்பதில்லை. மலையாளத்தின் மேல் எனக்கு வருத்தமே இல்லை, என் பிள்ளைகள் அதில்தான் செபிக்கிறார்கள். அம்மாவுக்காகத்தான் வயிறு எரிகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். புத்தகம் இல்லாமல் உட்காராதீர்கள். தியானத்தைப் பற்றி எழுதிய புனித அவிலா தெரசம்மாளே பதினெட்டு வருடம், நன்மை (நற்கருணை) வாங்கிய நேரம் தவிர, புத்தகம் கையில் இல்லாமல் தியானத்துக்கு உட்காரத் துணியவில்லை. எப்போது மணி அடிக்கும் என்று காது கொடுத்துக்கொண்டு இருந்த காலமும் அவருக்கு உண்டு, அவரே எழுதியிருக்கிறார். 53 மணியிலும் மனம் நிற்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். ஒரு மறையுண்மைக்கான பத்து மணிகள் போதும். வியாழக்கிழமை ஒளியின் மறையுண்மைகளில், இயேசு தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய கானாவூர்க் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யோவான் இரண்டாம் அதிகாரத்தை முதலில் ஒரு தடவை வாசியுங்கள். ஆறு கல்தொட்டி, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும். அதை விளிம்பு வரை நிரப்பிய வேலைக்காரர்களை மட்டும் பார்த்துக்கொண்டே அந்தப் பத்து மணிகளைச் சொல்லுங்கள். காலையில் குழாயடியில் நிற்கிற நேரத்தில்கூட இதைச் செய்யலாம்.