கல்யாணத்துக்கு பாதிக் கண்ணாடி கொடுக்கலாமா?

சிங்கப்பூர்ல வேலை பாக்குற ஒரு வாசகி எழுதியிருக்காங்க. கூட வேலை செய்ற சீனப் பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணமாம், சீனாவுலேர்ந்து ஆன்லைன்ல ஒருத்தர் முகம் பாக்குற வெண்கலக் கண்ணாடி விக்கிறாராம், நடுவுல பிளந்து ரெண்டு பாதி, மாப்பிள்ளைக்கு ஒண்ணு பொண்ணுக்கு ஒண்ணு, "தாங் காலத்து அசல், சீன இலக்கியத்துல காதலோட சின்னம், சர்டிபிகேட் உண்டு"ன்னு போட்டிருக்காராம் (தாங்ங்கிறது சீனாவ ஆண்ட ஒரு பழைய அரச வம்சம்). வாங்கலாமா, கூடவே கார்டுல பழைய சீனக் கவிஞர் லி பாய் கண்ணாடியப் பத்தி எழுதுன வரியப் போடலாமான்னு கேக்குறாங்க.

ரெண்டும் வேண்டாங்க.

காதல் சின்னம்னு அவர் சொல்றது முழுப் பொய் இல்ல, அதுக்குப் பின்னால இருக்குற பழைய சீனக் கதையில தனக்கு வேண்டியத மட்டும் எடுத்துக்கிட்டார். 589ல தெற்கு சீனாவுல இருந்த சென் ராஜ்யம், வடக்குலேர்ந்து வந்த சுயி ராஜ்யத்துப் படைகிட்ட விழுது. கடைசி ராஜாவோட தங்கச்சி லெசாங் இளவரசி, புருஷன் பேரு சூ தெயான். நாடு போனா இவள எவனாவது பெரிய மனுஷன் வீட்டுக்கு இழுத்துட்டுப் போயிடுவான்னு அவருக்குத் தெரியும், அதனால கண்ணாடிய உடைச்சு ஆளுக்குப் பாதி வெச்சுக்கிட்டு, மொத மாசப் பௌர்ணமி அன்னிக்கு தலைநகர் சந்தைல உன் பாதிய விக்க அனுப்புன்னு சொல்லிட்டுப் பிரியறாங்க. அவ யாங் சூங்கிற சுயி தளபதி வீட்டுக்குப் போய்ச் சேந்துடறா. புருஷன் அலைஞ்சு திரிஞ்சு அந்தப் பௌர்ணமிக்கு வந்து பாத்தா, ஒரு வேலைக்காரர் அரைக் கண்ணாடிய வெச்சுக்கிட்டு எக்கச்சக்க விலை சொல்லிட்டு நிக்கிறார், ஜனங்க சிரிக்கிறாங்க. அவரக் கூட்டிட்டுப் போய் சாப்பாடு போட்டு, தன் பாதிய எடுத்து சேத்து வெச்சு, 'கண்ணாடியும் ஆளும் ஒண்ணா போச்சு, கண்ணாடி வந்துடுச்சு ஆள் வரல'ன்னு கவிதை எழுதி அனுப்புறார். அதப் படிச்சுட்டு அவ சாப்பிடாம அழறா, யாங் சூவுக்கு விஷயம் தெரிஞ்சு அவளத் திருப்பி அனுப்பிடறார்.

அதாவது இது பிரிஞ்சவங்க சேர்ற கதை. இன்னிக்கும் விவாகரத்து வரைக்கும் போய் திரும்ப சேந்த ஜோடியப் பாத்துதான் 'உடைஞ்ச கண்ணாடி மறுபடி வட்டமாச்சு'ன்னு சீனர்கள் சொல்வாங்க. புதுசா கல்யாணம் பண்றவங்க கையில ஆளுக்குப் பாதி கொடுக்கிறது, தாலி கட்டுற நேரத்துல முகாரி வாசிக்கிற மாதிரி.

ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கு, அத சரியாப் புரிஞ்சுக்குங்க. ஏற்கனவே பிரிஞ்ச அதே ரெண்டு பேர் மறுபடி கல்யாணம் பண்ணிக்கிறாங்கன்னா இது பொருத்தமான பரிசு. அதே ரெண்டு பேர். ரெண்டாம் கல்யாணம்னா எல்லாத்துக்கும் இல்ல, அந்தப் பொண்ணு வேற ஒருத்தரக் கட்டிக்கிறாங்கன்னா பழைய புருஷன ஞாபகப்படுத்துன மாதிரி ஆயிடும், அது இன்னும் மோசம். நிச்சயம் நின்னுபோய் திரும்ப கூடி வந்த கல்யாணமா இருந்தாலும் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம கொடுக்காதீங்க. அப்படியே கொடுத்தாலும் ரெண்டு பாதியையும் சேத்து ஒரே பெட்டில, தனித்தனியா கூடவே கூடாது.

முழுக் கண்ணாடின்னா தாராளமா கொடுங்க. அந்தக் காலத்துலயே அது கல்யாணத்தோட சம்பந்தப்பட்டதுதான். கிழக்கு ஜின்ங்கிற இன்னொரு பழைய சீன வம்சக் காலத்துல இருந்த வென் ஜியாவ்ங்கிறவரோட கதை நம்மாளுங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். தூரத்து அத்தை ஒருத்தங்க என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாருப்பான்னு கேட்டிருக்காங்க, இவருக்கோ அந்தப் பொண்ணு மேலயே ஒரு கண்ணு, கொஞ்ச நாள் கழிச்சு பாத்துட்டேன், என்னைவிட எதுலயும் குறைஞ்சவன் இல்லன்னு சொல்லி பச்சைக்கல் கண்ணாடித் தாங்கி ஒண்ண பரிசமாக் கொடுத்தார். கல்யாணத்தன்னிக்கு பொண்ணு முகத்த மறைச்சிருந்த விசிறிய விலக்கிப் பாத்து கை தட்டி சிரிச்சு, 'இந்த ஆளாத்தான் இருக்கும்னு அப்பவே நெனச்சேன்'ன்னாளாம்.

இப்ப அந்த 'தாங் அசல்'. நீங்க அனுப்புன போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன். பழைய சீனக் கண்ணாடி உலோகத்துல நாலுல ஒரு பங்குக்கு கிட்ட வெள்ளீயம் இருக்கும், நம்ம பக்கத்து கேரளாவோட ஆரன்முளா உலோகக் கண்ணாடியும் இந்த வகைதான், தேய்ச்சா வெள்ளி மாதிரி இருக்கும், ஆனா வளையாது, அடிச்சா கண்ணாடிச் சில்லு மாதிரி கோணலா உடையும். உங்க போட்டோல வெட்டு ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி நேரா இருக்கு, ரம்ப வேலை, வெட்டுன இடம் மஞ்சளா பித்தளை கணக்கா இருக்கு. பின்பக்கம் நடுக்குமிழ்ல கயிறு கோக்குற ஓட்டைக்குள்ள கூட பச்சைக் களிம்பு பெயின்ட் அடிச்ச மாதிரி ஒரே சீரா இருக்கு. ஆயிரத்து சொச்சம் வருஷம் மண்ணுல கிடந்த சாமான்ல களிம்பு திட்டுத்திட்டாத்தான் பிடிக்கும்.

சர்டிபிகேட்டா? அத அடிக்கிற பிரின்டர் எந்தக் கடைலயும் கிடைக்கும். தாங்குக்கு அப்புறம் வந்த சொங் வம்ச காலத்துல ஹூஜோங்கிற சீன ஊர்ல ஷி குடும்பத்துக் கண்ணாடிக்கு பேரு ஜாஸ்தி, அவங்க பின்னாடி 'ஹூஜோ, நிஜமான ஷி வீடு, 22ஆவது சித்தப்பா கண்ணாடி'ன்னு எழுத்தையே வார்ப்புல போட்டு வித்தாங்க. நிஜமானன்னு போட வேண்டிய நிலைமை வந்திருக்குன்னா டூப்ளிகேட் எவ்ளோ ஓடியிருக்கும்னு பாத்துக்குங்க.

இன்னொரு விஷயம், 1911க்கு முந்தின கலைப்பொருள் சீனாவ விட்டு வெளிய போகவே கூடாதுன்னு அவங்க சட்டம் சொல்லுது. அப்ப அங்கேர்ந்து கூரியர்ல வர்ற தாங் கண்ணாடி ஒண்ணு போலி, இல்ல கடத்தல், ரெண்டுக்கும் நீங்க ஏன் காசு கொடுக்கணும். இந்த மாதிரி ஒரு விளம்பரத்தப் பத்தி நானே ஒரு தளத்துல புகார் கொடுத்தேன், 'எங்கள் விதிகளை மீறவில்லை'ன்னு ரெடிமேட் பதில் வந்துச்சு, அந்த விளம்பரம் இன்னும் அங்கேயே கெடக்கு. இந்தச் சீனக் கதைய மொழிபெயர்த்து புக் போடுறவங்க மட்டும் என்ன, கதைக்கு கீழ இது எதுக்கான சின்னம்னு நாலு வரி குறிப்பு போட்டா பேப்பர் செலவாயிடுமா, போட்டிருந்தா இந்த வியாபாரம் பாதி படுத்திருக்கும்.

புதுசு, காப்பின்னு சொல்லியே விக்கிறவங்க இருக்காங்க, அவங்ககிட்ட ஜோடிப் பறவை போட்ட வட்டக் கண்ணாடியா பாத்து வாங்குங்க. வந்ததும் பளபளன்னு இருக்கட்டும்னு புளி போட்டு தேய்ச்சுடாதீங்க, முகம் பாக்குற பக்கம் மங்கிடும், மெத்துனு ஒரு துணி போதும்.

கார்டு விஷயம். நீங்க காட்டுன லி பாய் வரி, கூடத்துக் கண்ணாடில நரைமுடியப் பாத்து அழுறது, காலைல கருப்புப் பட்டா இருந்த முடி சாயங்காலம் பனியாயிடுச்சுன்னு வரும், கல்யாணப் பொண்ணுக்கு இதையா எழுதுவீங்க? அவரே இன்னொரு காதல் பாட்டுல, மலை மாதிரி மூடி வெச்ச தூபக்கால்ல அகில் எரிஞ்சு ரெண்டு புகை ஒரே மூச்சா சேந்து ஊதா மேகத்தத் தாண்டிப் போகுதுன்னு பாடியிருக்கார், கொஞ்சம் குறும்பான பாட்டுதான், பரவால்ல, அத எழுதுங்க.