கிரெடிட் கார்டு பாக்கிக்காகக் கைது செய்வார்களா?

கேள்வி: என் கணவர் கிரெடிட் கார்டு கடனுக்கு இரண்டு வருடமாக மினிமம் டியூ (மாதாமாதம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டி வந்தார். சம்பளம் குறைந்ததால் ஏழு மாதமாக அதுவும் இல்லை. பாக்கி 1,80,000 ரூபாய் என்கிறார்கள். வசூல் ஏஜென்டுகள் இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறார்கள், என் அப்பாவிடமும் பேசிவிட்டார்கள். 'வாரன்ட் வருகிறது' என்று வாட்ஸ்அப்பில் மிரட்டல். லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நோட்டீஸும் வந்திருக்கிறது. அம்மா எனக்கு எழுதிக் கொடுத்த வீட்டை ஜப்தி செய்வார்களா? நகையை அடகு வைத்துக் கட்டிவிடட்டுமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: சகோதரி, கார்டு கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றமல்ல, சிவில் விவகாரம். அதற்காகப் போலீஸ் கைது செய்ய முடியாது. கோர்ட்டில் வங்கி ஜெயித்தாலும், நிஜமாகவே வசதி இல்லாதவரைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் பாக்கிக்காகக் கொடுத்த செக் திரும்பினால் கிரிமினல் வழக்கு வரும். ஏஜென்ட் எவ்வளவு கெஞ்சினாலும் மிரட்டினாலும் செக் எழுதிக் கொடுக்காதீர்கள்.

வீடு உங்கள் பெயரில், உங்கள் அம்மா வழியில் வந்தது. கடனில் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை என்றால் அதை வங்கி தொட முடியாது. தீர்ப்புக்குப் பிறகு கணவரின் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடிக்கலாம், பி.எஃப். பணத்தில் கை வைக்க முடியாது.

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது, உறவினரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022-இல் போட்ட உத்தரவு. அழைப்புப் பட்டியலையும் வாட்ஸ்அப் செய்திகளையும் சேர்த்து வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை.

இரண்டு வருடம் கட்டியும் அசல் ஏன் கரையவில்லை? உதாரணத்துக்கு, 1,00,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் 3.5 சதவீத வட்டி 3,500. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 630. மினிமம் டியூவாக நீங்கள் 5,000 கட்டினால், அதில் அசலுக்குப் போவது வெறும் 870. இடையில் புதிதாக ஒரு பொருள் வாங்கினால் அதற்கும் முதல் நாளிலிருந்தே வட்டி. மினிமம் டியூ என்ற பெயரே மனிதரை ஏமாற்றுகிறது என்பது என் உறுதியான எண்ணம். வருடத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது என்ற தேசிய நுகர்வோர் ஆணையத்தின் தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. கோர்ட் வட்டியைக் குறைத்துத் தரும் என்று காத்திருக்க வேண்டாம். கார்டை உடனே பிளாக் செய்யச் சொல்லுங்கள்.

லோக் அதாலத் நோட்டீஸைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது சமரசம் பேச வரும் அழைப்புதான். சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு கணவர் நேரில் போகட்டும். அசலை ஒட்டிய தொகை, சில தவணைகள் என்று கேட்கட்டும். கட்ட முடியாத தொகைக்கு மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம். சமரசத்தின்பேரில் லோக் அதாலத் போடும் உத்தரவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது.

தொகை எழுத்தில் முடிவான பிறகு நகையை வங்கியில் அடகு வைக்கலாம். நகைக்கடன் வட்டி கார்டு வட்டியில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். இப்போதே வைத்தால் அபராதத்துக்கும் வட்டிக்குமே போய்விடும். ஏஜென்ட் கையில் ரொக்கம் தராமல் கார்டு கணக்கிலேயே கட்டுங்கள். கடைசித் தவணை முடிந்ததும் பாக்கி இல்லை என்ற நோ டியூ சான்றிதழை வாங்குங்கள். தள்ளுபடியில் முடித்தால் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவாகி, சில வருடங்களுக்குப் புதிய கடன் கிடைப்பது சிரமமாகும். அதைக் கணவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.